களிமண்ணிலிருந்து அருமண் தனிமங்களைக் கரைத்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஏப்ரலில் சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. வேதியியல் கற்பிப்பவன் என்பதால் அன்றுமுதல் என்னிடம் ஒரே மாதிரியான ஐயங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. டிஸ்புரோசியம், டெர்பியம், இட்ரியம் போன்றவை பெரும்பாலும் பாறையை உடைத்து எடுக்கப்படுவதில்லை, களிமண்ணிலிருந்து உப்புக் கரைசலால் கழுவி எடுக்கப்படுகின்றன என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை இங்கே வைத்து, விடைகளைத் தொகுத்திருக்கிறேன்.

அருமண் என்றால் அரிதாகக் கிடைக்கும் ஒரு வகை மண்தானே?

மண்ணும் இல்லை, அவ்வளவு அரிதும் இல்லை. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையுள்ள பதினைந்து தனிமங்களோடு ஸ்காண்டியம், இட்ரியம் இரண்டையும் சேர்த்துப் பதினேழு உலோகங்களுக்கு இது பொதுப்பெயர். நீரில் கரையாத, சூட்டிலும் மாறாத ஆக்சைடுகளை அக்கால வேதியியலர்கள் 'மண்' என்று அழைத்தார்கள். அந்த வழக்கு பெயரில் தங்கிவிட்டது. இவற்றுள் அதிகம் உள்ள சீரியம் புவியோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. ஆனால் செம்பைப்போல ஓரிடத்தில் திரண்டு கிடக்காமல் எங்கும் சிதறிக் கிடப்பதுதான் இவற்றின் இயல்பு.

இவற்றுள் லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்றவற்றை இலகு அருமண் என்றும், டெர்பியம், டிஸ்புரோசியம் முதலானவற்றையும் அவற்றோடு இயல்பொத்த இட்ரியத்தையும் கன அருமண் என்றும் பிரிப்பார்கள். கீழே வரும் விடைகளுக்கு இந்தப் பிரிவு தேவைப்படும்.

இது களிமண்ணுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

மழையும் வெப்பமும் மிகுந்த நாடுகளில் கருங்கல் பாறை பல லட்சம் ஆண்டுகளாகச் சிதைந்து கயோலினைட், ஹாலோசைட் போன்ற களிமண் கனிமங்களாக மாறுகிறது. பாறைக்குள் அருமண் தனிமங்களைத் தாங்கியிருந்த சிறு கனிமங்களும் அப்போது கரைகின்றன. மேல்மண்ணின் அமிலத்தன்மையில் விடுபடும் அயனிகள் (மின்சுமை கொண்ட அணுக்கள்) மழைநீரோடு கீழே இறங்குகின்றன. கீழே அமிலத்தன்மை குறையக் குறைய, எதிர்மின்சுமை கொண்ட களிமண் பரப்புகள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே இங்கே அருமண் தனியொரு கனிமமாக இல்லை. களிமண் துகளின் மேற்பரப்பில் ஒட்டிய அயனியாகவே இருக்கிறது.

1969இல் தென்சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் உள்ள லொங்நான் பகுதியில் இந்த வகைப் படிவு முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. பகுப்பாய்வில் தனிமம் தெரிந்தது. ஆனால் சலித்தும் நீரில் அலசியும் பிரிக்கத்தக்க கனிமத் துகள் எதுவும் கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னர்தான் விளங்கியது. கனிமவியலில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று.

நம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து எடுக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. மணவாளக்குறிச்சி மணலில் இருப்பது மோனசைட் என்னும் பாஸ்பேட் கனிமம். அதன் படிகத்துக்குள் அருமண் தனிமங்கள் இறுகப் பிணைந்திருக்கின்றன. கூடவே கதிரியக்கமுள்ள தோரியமும் இருக்கிறது. அதை உடைக்கச் சூடான, செறிந்த எரிகாரம் வேண்டும். உப்புக் கரைசலை எத்தனை நாள் ஊற்றினாலும் மோனசைட் அசையாது. மோனசைட்டில் மிகுதியாக இருப்பவை இலகு அருமண் தனிமங்கள். களிமண் படிவுகளின் சிறப்போ கன அருமண். கதிரியக்கமும் களிமண்ணில் பொதுவாகக் குறைவு. ஏனென்றால் தோரியம் எளிதில் கரைசலுக்கு வராமல் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. குறைவு என்றால் அறவே இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. பிரித்தெடுக்கும் ஆலைகளின் கசடுகளைச் சோதித்துத்தான் அகற்ற வேண்டும்.

வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் வந்துவிடும் என்பதை எப்படி நம்புவது?

களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. களர் மண்ணின் களிமண் துகள்களில் சோடியம் ஒட்டியிருக்கிறது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே தள்ளுகிறது. பிறகு நீரைத் தேக்கி வடித்தால் சோடியம் வெளியேறுகிறது. அருமண் களிமண்ணிலும் இதே அயனிப் பரிமாற்றம்தான். அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றும்போது அம்மோனியம் அயனிகள் களிமண்ணில் ஏறிக்கொள்ள, அருமண் அயனிகள் கரைசலுக்குள் இறங்குகின்றன. எதுவும் உருகுவதில்லை, எந்தக் கனிமமும் உடைவதில்லை.

கூர்ந்து கேட்பவர்கள் ஒரு தடை எழுப்புவார்கள்: அருமண் அயனிக்கு மூன்று மின்சுமை, அம்மோனியத்துக்கு ஒன்றுதான், வலுவானதை வலுவற்றது எப்படித் தள்ளும்? எண்ணிக்கையாலும் ஓட்டத்தாலும் தள்ளுகிறது. ஓர் அருமண் அயனியின் இடத்துக்கு மூன்று அம்மோனியம் அயனிகள் தேவை. கரைசலில் அவை மிகுந்திருக்கின்றன. விடுபட்ட அருமண் அயனி மீண்டும் ஒட்டிக்கொள்வதற்குள் புதிய கரைசல் அதைக் கீழே கொண்டுபோய்விடுகிறது. ஆகவே ஒரே முறை ஊற விடுவதைவிடத் தொடர்ந்து மெல்ல ஊடுருவ விடுவதே பலன் தருகிறது.

உப்புதான் வேலை செய்கிறது என்றால் சாப்பாட்டு உப்பே போதாதா? ஏன் அம்மோனியம் சல்பேட்?

தொடக்கத்தில் சாப்பாட்டு உப்பைத்தான் பயன்படுத்தினார்கள். 1970களில் 6 முதல் 8 சதவீதச் சோடியம் குளோரைடு கரைசலில் மண்ணை ஊறவைத்தார்கள். அவ்வளவு உப்பு மண்ணில் தங்கி நிலத்தை உவராக்கியது. கிடைத்த விளைபொருளிலும் சோடியம் கலந்து தூய்மை குறைந்தது. அம்மோனியம் சல்பேட்டில் 1 முதல் 4 சதவீதமே போதும். கரைசலிலிருந்து திடப்பொருளாகப் படியும் வீழ்படிவோடு சிறிது ஒட்டிக்கொண்டாலும் சுட்டெரிக்கும்போது ஆவியாகிப் போய்விடுகிறது. விலையும் குறைவு. அந்தக் காலத்துக்கு அது தெளிவான முன்னேற்றம். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அமிலம் ஊற்றினால் இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாக வருமே?

சிறிது அதிகமாக வரும். ஆனால் அமிலம் களிமண்ணையே கரைக்கத் தொடங்கும். அலுமினியமும் இரும்பும் பெருமளவில் கரைசலுக்குள் வந்துவிடும். பிறகு அவற்றை நீக்குவதற்கு ஆகும் செலவும், வீணாகும் அருமண்ணும், கூடுதலாகக் கிடைத்ததை விழுங்கிவிடும். களிமண் சிதைந்து நுண்துகளாகி நீர்வழிகளை அடைத்துக்கொள்வதும் உண்டு. இதனால்தான் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பை (குறைந்தால் அமிலம் அதிகம்) 4 முதல் 5 வரை வைத்துக்கொண்டு, எளிதில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மண்ணில் 0.1 சதவீதம்கூட இல்லாததை எடுத்து என்ன லாபம்?

இந்த வகைக் களிமண்ணில் அருமண் ஆக்சைடின் அளவு பெரும்பாலும் 0.05 முதல் 0.2 சதவீதம்தான். 0.08 சதவீதம் உள்ள மண்ணில் முக்கால் பங்கை மீட்க முடிகிறது என்று கொண்டால், 1 டன் ஆக்சைடுக்கு ஏறத்தாழ 1,670 டன் மண் வேண்டும். கடினப் பாறையாக இருந்தால் இந்தக் கணக்கு ஒருபோதும் கட்டாது. இங்கே வெடிவைத்துப் பிளக்க வேண்டாம், அரைக்க வேண்டாம், மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டாம், உலையில் வறுக்க வேண்டாம். இயற்கையே பல லட்சம் ஆண்டுகளாக அந்த வேலையை முடித்து வைத்திருக்கிறது.

இரண்டாவது காரணம் கிடைக்கும் பொருளின் தன்மை. லொங்நான் படிவிலிருந்து வரும் ஆக்சைடு கலவையில் இட்ரியம் ஆக்சைடு மட்டுமே 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும். டிஸ்புரோசியமும் கணிசமாக உண்டு. நியோடிமியம் காந்தம் சூடேறினால் வலுவிழக்கும். அதில் சிறிது டிஸ்புரோசியமோ டெர்பியமோ சேர்த்தால் மின்வாகன மோட்டாரின் வெப்பத்தையும் தாங்கும். இந்த இரண்டையும் இவ்வளவு மலிவாகத் தரும் வேறு படிவு வகை இன்றளவும் இல்லை.

மலையைத் தோண்டாமலேயே எடுக்கிறார்களாமே, அது எப்படி?

முன்பு மலையின் மேல்மண்ணையும் காட்டையும் அகற்றி, களிமண்ணை வெட்டித் தொட்டிகளிலோ குவியல்களிலோ இட்டுக் கழுவினார்கள். மேலே சொன்ன 1,670 டன்னும் கழிவுமண்ணாகப் பள்ளத்தாக்கில் விழுந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதன்பின் வந்தது மண்ணை இருந்த இடத்திலேயே கரைத்தெடுக்கும் முறை. மலைச்சரிவெங்கும் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் துளைகள் இட்டு, அவற்றின் வழியே கரைசலைச் செலுத்துகிறார்கள். அது தாது அடுக்கினூடே இறங்கி, சிதையாத அடிப்பாறையில் முட்டி, மலையடியில் வெட்டிய வாய்க்கால்களிலும் சிறு குகைவழிகளிலும் வந்து சேர்கிறது. வேலை மாதக்கணக்கில் நீளும். இறுதியில் நல்ல நீரைச் செலுத்தி, எஞ்சிய கரைசலை வெளியே தள்ளுவார்கள்.

கரைசல் கைக்கு வந்த பிறகு என்ன செய்கிறார்கள்?

முதலில் அம்மோனியம் பைகார்பனேட்டைச் சிறிது சேர்த்து பிஎச் மதிப்பை 5க்குச் சற்று மேலே உயர்த்துவார்கள்; அலுமினியமும் இரும்பும் கசடாகப் படியும். தெளிந்த கரைசலில் மேலும் சேர்த்தால் அருமண் கார்பனேட் வெண்ணிறமாகப் படியும். பைகார்பனேட்டுக்குப் பதில் ஆக்சாலிக் அமிலத்தால் படிய வைப்பதும் உண்டு. அந்த வீழ்படிவைச் சுட்டால் கலப்பு ஆக்சைடு கிடைக்கும். வடிந்த நீரில் அம்மோனியம் சல்பேட் எஞ்சியிருப்பதால் அதைச் சரிசெய்து மீண்டும் மலைக்கே அனுப்பலாம்.

கலவையிலிருந்து ஒவ்வொரு தனிமத்தையும் பிரிப்பது தனிக் கலை. அடுத்தடுத்த தனிமங்களின் வேதியியல் இயல்பு ஏறத்தாழ ஒன்றே என்பதால், கரிமக் கரைப்பானோடு நூற்றுக்கணக்கான படிகளில் கலக்கிக் கலக்கிப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சு குவாங்சியன் 1970களில் இந்தப் படிவரிசையைக் கணக்கிட்டு வடிவமைக்கும் கோட்பாட்டைத் தந்தார். மண் சீனாவில் இருப்பதைவிட இந்தத் திறமை அங்கே இருப்பதே மற்ற நாடுகளுக்குப் பெரிய தடை என்பது என் கருத்து.

புவியோட்டில் அதிகம் இருப்பது சீரியம் என்றீர்கள், ஆனால் இந்தக் கரைசலில் அது குறைவு என்கிறார்களே?

உண்மை. மற்ற அருமண் அயனிகள் மூன்று மின்சுமையோடு நிற்கும்போது, சீரியம் மட்டும் மேல்மண்ணின் காற்றுபடும் சூழலில் நான்கு மின்சுமைக்கு மாறி, கரையாத ஆக்சைடாக அங்கேயே படிந்துவிடுகிறது. மழைநீரோடு கீழே இறங்குவதும் இல்லை, அயனியாகக் களிமண்ணில் ஒட்டுவதும் இல்லை. விலை குறைந்த சீரியத்தை இயற்கையே வடிகட்டிவிடுவது எடுப்பவர்களுக்கு நல்வாய்ப்பு.

தோண்டாமல் எடுத்தால் சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லைதானே?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. பதிலை அரைகுறையாகச் சொல்லக்கூடாத கேள்வியும் இதுவே. மேலிருந்து பார்த்தால் மலை பச்சையாகவே தெரியும். கேடு கீழே நிகழ்கிறது. அடிப்பாறை ஒரு தட்டைப்போலக் கரைசலைத் தாங்கி வாய்க்காலுக்குத் திருப்பும் என்பதுதான் முறையின் அடிப்படை எதிர்பார்ப்பு. பாறையில் பிளவு இருந்தால் கரைசல் நிலத்தடி நீருக்குப் போகும். அதை அள்ளித் திரும்பக் கொண்டுவர வழியில்லை. மாதக்கணக்கில் நீர் ஊறிய சரிவு கனத்து, பிடிப்பிழந்து சரிவதும் உண்டு.

இவை சரியாக நடந்தாலும் அம்மோனியம் எஞ்சுகிறது. பரிமாற்றம் என்றால் ஒன்று வெளியேற இன்னொன்று உள்ளே அமர வேண்டும். ஆகவே வெளியே வந்த ஒவ்வோர் அருமண் அயனிக்கும் மூன்று அம்மோனியம் மலைக்குள் தங்குகிறது. அது வேலை முடிந்த பின்னும் பல ஆண்டுகள் ஒவ்வொரு மழையிலும் சிறிது சிறிதாக ஓடைக்கு வருகிறது. களிமண்ணில் ஒட்டியிருந்த ஈயம் போன்ற பிற உலோகங்களையும் அம்மோனியம் பிரித்து வெளியே தள்ளுகிறது. ஜியாங்சியின் கன்ச்சோ பகுதியைச் சீரமைக்க 3,800 கோடி யுவான் தேவைப்படும் என்று 2012இல் சீன அரசின் துணை அமைச்சர் ஒருவரே கூறினார். அந்த மாகாணத்தின் அருமண் தொழில் அதற்கு முந்தைய ஆண்டில் ஈட்டிய லாபத்தைப்போல் அது பல மடங்கு.

அம்மோனியம் சல்பேட் வயலுக்குப் போடும் உரம்தானே? மண்ணுக்கு நல்லது என்றுதானே சொல்வார்கள்?

பொருள் ஒன்றே, அளவு வேறு. 8 மீட்டர் தடிமன் தாது அடுக்குள்ள 1 ஹெக்டேர் மலையை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 1,20,000 டன் மண் இருக்கும். மேற்சொன்ன விகிதத்தில் 72 டன் ஆக்சைடு கிடைக்கும். வேதியியல் சமன்பாட்டின்படி 1 டன் நியோடிமியம் ஆக்சைடுக்கு 1.2 டன் அம்மோனியம் சல்பேட் போதும். ஆனால் அலுமினியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவையும் இடம் மாறுவதால் நடைமுறையில் பல மடங்கு செலவாகிறது. 5 டன் என்று கொண்டாலே 1 ஹெக்டேருக்கு 360 டன் ஆகிறது. உழவர் ஒரு போகத்துக்கு இடுவது சில நூறு கிலோ. அதையும் பயிர் எடுத்துக்கொள்கிறது. மலைக்குள் எடுத்துக்கொள்ள வேரே இல்லை. நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரேட்டாக மாற்றும்போது மண் மேலும் அமிலமாகிறது, நைட்ரேட் கிணற்று நீரில் கலக்கிறது.

சீனாவில் இவ்வளவு இருந்தும் ஏன் மியான்மரிலிருந்து வாங்குகிறார்கள்?

மேலே சொன்ன சேதம் முக்கியக் காரணம். களிமண் வகை அருமண்ணுக்குச் சீன அரசு விதித்த ஆண்டு உற்பத்தி உச்சவரம்பு 2018 முதல் 2024 வரை 19,150 டன்னிலேயே நின்றது. அதே காலத்தில் மொத்த அருமண் உச்சவரம்பு 1,20,000 டன்னிலிருந்து 2,70,000 டன்னாக உயர்ந்தது. தேவை நிற்கவில்லை, வேலை எல்லை தாண்டி மியான்மரின் கச்சின் மாநிலத்துக்குப் போனது. 2022இல் குளோபல் விட்னஸ் அமைப்பு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அங்கே ஏறத்தாழ 300 இடங்களில் 2,700க்கும் மேற்பட்ட கரைசல் தொட்டிகளை எண்ணியது. 2024 அக்டோபரில் அந்தச் சுரங்கப் பகுதியின் மையமான பாங்வாவைக் கச்சின் விடுதலைப் படை என்னும் கிளர்ச்சிப் படை கைப்பற்றியது. அங்கே கேள்வி கேட்க அரசும் இல்லை, ஓடை நீரைச் சோதிக்க ஆய்வகமும் இல்லை. தன் மலையைக் காக்கப் பிறர் மலைக்குக் கேட்டை அனுப்புவதைத் தீர்வு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அம்மோனியா இல்லாமல் செய்ய வழியே இல்லையா?

இருக்கிறது. மக்னீசியம் சல்பேட்டைக் கொண்டு கரைத்தெடுக்கும் முறை சீனாவில் உருவாக்கப்பட்டிருக்கிறது. நைட்ரஜன் மாசு இல்லை என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் மக்னீசியம் மிகுந்து கால்சியம் குறைந்த மண்ணும் நல்ல மண்ணன்று; சல்பேட்டும் நீருக்குப் போகத்தான் செய்யும். மற்றொன்று மின்புலத்தைப் பயன்படுத்துவது. மண்ணில் மின்முனைகளைப் பதித்தால் நேர்மின் அயனிகள் எதிர்முனையை நோக்கித் தாமே நகரும். குவாங்சோ புவிவேதியியல் நிறுவன ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 90 சதவீதத்துக்கும் மேல் மீட்க முடிந்தது. உப்பின் தேவை 80 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். இதை ஒரு முழு மலையின் அளவுக்குக் கொண்டுபோவது வேறு வேலை.

ஒரு நிறுவனம் தன் களிமண்ணில் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) அருமண் இருக்கிறது என்கிறது. பங்கு வாங்கலாமா?

பங்கு பற்றி நான் சொல்லக்கூடாது. அந்த எண்ணைப் பற்றிச் சொல்லலாம். அது பெரும்பாலும் மண்ணை முழுவதும் கரைத்து அளந்த மொத்த அளவு. மோனசைட் துகளுக்குள் சிக்கியதும், மேல்மண்ணில் படிந்த சீரியமும் அதில் சேர்ந்துவிடும். அவை உப்புக் கரைசலுக்கு வரமாட்டா. கேட்க வேண்டியது, பிஎச் 4 அளவில் அம்மோனியம் சல்பேட்டால் எத்தனை சதவீதம் வெளியே வந்தது என்பதே. தென்சீனாவின் நல்ல படிவுகளில் 60 முதல் 90 சதவீதம்வரை பரிமாறத்தக்க நிலையில் இருக்கும். வலுவான அமிலத்தில் சோதித்துக் காட்டிய எண்ணாக இருந்தால், அமிலம் பற்றிய விடையை ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

எங்கள் ஊரிலும் கருங்கல் மலை, செம்மண் இருக்கிறது. அங்கேயும் இருக்குமா?

கருங்கல்லும் செம்மண்ணும் மட்டும் போதாது. தாய்ப்பாறையில் அருமண்ணைத் தாங்கிய கனிமங்கள் எளிதில் சிதைபவையாக இருக்க வேண்டும்; மோனசைட்டாகவே இருந்தால் அது சிதையாமல் மணலில்தான் போய்ச் சேரும். ஆண்டு முழுவதும் ஈரமும் வெப்பமும் வேண்டும். சிதைந்த மண்ணை மழை அரித்துக்கொண்டு போகாத மென்சரிவுக் குன்றுகள் வேண்டும். இவை கூடிய இடங்கள் சீனாவுக்கும் மியான்மருக்கும் வெளியிலும் உண்டு: பிரேசிலின் கோயாஸ் மாநிலத்தில் செர்ரா வெர்தே சுரங்கம் 2024இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது, மடகாஸ்கர், உகாண்டா, சிலி ஆகிய நாடுகளிலும் படிவுகள் ஆராயப்படுகின்றன. மண்ணின் நிறத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஆழத்துக்கேற்ப மாதிரி எடுத்து, முந்தைய விடையில் சொன்ன சோதனையைச் செய்துதான் சொல்ல முடியும்.

கைவிட்ட மலையில் மறுபடியும் காடு வருமா?

தானாக எளிதில் வராது. வெட்டிக் கழுவிய மண்ணில் மட்கும் இல்லை, சத்தும் இல்லை, அமிலம்தான் மிகுந்திருக்கிறது. சுண்ணாம்பும் மட்கிய உரமும் இட்டு, முதலில் புல்லையும் பிறகு மரத்தையும் வளர்க்க வேண்டியிருக்கிறது. இருந்த இடத்திலேயே கரைத்தெடுத்த மலைகளில் மரம் நிற்கும், ஆனால் அடியில் அம்மோனியம் கசியும். அதற்காகக் கன்ச்சோ வட்டாரத்தின் சிற்றோடைகள் மலையைவிட்டு வெளியேறும் இடங்களில் நீர் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியிருக்கிறார்கள். சுரங்கம் நின்ற பிறகும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன.